ஒற்றைத் தோட்டா ரைஃபிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம், கீலில் குழலை மடக்கித் திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடும் வகையைச் சேர்ந்த, .308 என்ற அளவுத் தோட்டாவுக்கான ஒற்றைத் தோட்டா ரைஃபிள் இருக்கிறது. ஸ்கோப்புடன் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 3.6 கிலோ. மலைப் பகுதியில் சுமந்து நடப்பதற்காக அதை 2.7 கிலோவுக்குக் கொண்டுவர விரும்புகிறேன். குழலை வெட்டலாமா? வேறு எங்கே எடையைக் குறைக்கலாம்?

பதில்: குழலில் கை வைக்க வேண்டாம். போல்ட் ரைஃபிளில் தோட்டா அறைக்குப் பின்னால், அதை மூடித் திறக்கும் உலோகத் தண்டான போல்ட் முன்னும் பின்னும் ஓடுவதற்கு இடம் வேண்டும். உங்கள் ரைஃபிளில் அந்த இடம் தேவைப்படவில்லை. அதனால் அதே நீளக் குழல் கொண்ட போல்ட் ரைஃபிளைவிட உங்களுடையது சுமார் 10 செ.மீ. குட்டையாகவே இருக்கும். ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் பெரிய ஆதாயமே இதுதான். அதற்கு மேலும் வெட்டினால், ஒவ்வொரு அங்குலத்துக்கும் குண்டின் வேகம் விநாடிக்கு 8 முதல் 15 மீட்டர்வரை குறையும். வெடியோசையும் முகத்துக்கு இன்னும் நெருங்கி வரும். சட்டமும் குறுக்கே வரலாம். அமெரிக்காவில், எடுத்துக்காட்டாக, 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் கொண்ட ரைஃபிளுக்குத் தனிப் பதிவு கட்டாயம்.

அடுத்தது உதைப்பு. ஒரே தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கியின் எடை குறையும் அதே விகிதத்தில் உதைப்பின் ஆற்றல் ஏறும். வழக்கமான 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) குண்டு கொண்ட .308 தோட்டாவை 3.6 கிலோ ரைஃபிளில் சுட்டால் தோள் ஏற்பது ஏறத்தாழ 20 ஜூல், 2.7 கிலோ ரைஃபிளில் அதுவே 27 ஜூலை நெருங்கிவிடும். காகிதத்தில் சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், அந்த அடிக்குப் பயந்து விசையை அழுத்தும் நொடியில் கண் மூடிக்கொள்ளும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதை விடுவிப்பது பெரும்பாடு. குழலின் முனையில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துண்டு) பொருத்தி உதைப்பைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையிலேயே குறைக்கும். ஆனால் ஏற்கெனவே 160 டெசிபலை ஒட்டி இருக்கும் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி, சுடுபவரின் காதையும் அருகில் நிற்பவரின் காதையும் சேர்த்துக் கெடுக்கும். வேட்டைத் துப்பாக்கிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எடையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் ஸ்கோப்பிலிருந்து தொடங்குங்கள். பெரிய முகப்புக் கண்ணாடி கொண்ட, அதிக உருப்பெருக்கம் தரும் ஸ்கோப் 700 கிராம்வரை எடையிருக்கும். மாறாத 4 மடங்கு உருப்பெருக்கம் கொண்ட சிறிய ஸ்கோப் 300 கிராமை ஒட்டியே இருக்கும். காட்டில் சுடும் நியாயமான தூரங்களுக்கு அதுவே போதும். குறையும் அந்த 400 கிராம் துப்பாக்கியின் உச்சியிலிருந்து போவதால், சாய்ந்து விழப் பார்க்கும் தன்மையும் உடன் குறைகிறது. அதன்பின் 3.2 கிலோவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மெல்லிய, லேசான துப்பாக்கி மேடேறி மூச்சு வாங்கும் கையில் நடுங்கிக்கொண்டே இருக்கும். முன்பாகத்தில் சிறிது கனம் இருந்தால்தான் குழல் நிலைகொள்ளும்.

கேள்வி: முதல் குண்டு சரியான இடத்தில் விழுகிறது. மூன்றாவது, நான்காவது குண்டுகள் மேலே ஏறிப் போகின்றன. ஸ்கோப்பை இருமுறை மாற்றியும் பயனில்லை.

பதில்: ஸ்கோப்பின் மீது பழி போடும் முன், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள். இவ்வகை ரைஃபிள்கள் பலவற்றில் முன்கட்டை குழலோடு நேரடியாகத் திருகப்பட்டிருக்கும். சுடும்போது குழல் அதிர்கிறது, சூடாகிறது. மரமோ ஈரப்பதத்தால் உப்பிச் சுருங்குகிறது. மரம் குழலை எங்கே, எவ்வளவு இறுக்கமாகத் தொடுகிறது என்பது மாற மாற, குண்டு விழும் இடமும் மாறும். கட்டையின் உட்பள்ளத்தில் பளபளப்பாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் உராய்வு அங்கேதான். திருகு பிடிக்கும் இடத்தைத் தவிர மற்ற இடங்களை மணல்தாளால் மெல்லத் தேய்த்து, ஒரு காகிதத் துண்டு தடையின்றி நகரும் அளவுக்கு இடைவெளி கொடுங்கள். பிறகு திருகு வரும் இடத்தில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு ரப்பர் ஓ-ரிங்கை வைத்து, திருகை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் முடுக்குங்கள். சில்லறைச் செலவுக்குள் அடங்கும் இந்த வேலை பல ரைஃபிள்களைத் திருத்தியிருக்கிறது.

மேசையில் வைத்துச் சுடும்போது மணல்மூட்டை முன்கட்டையின் நுனியில் இருந்தால் அழுத்தம் குழலுக்குப் போகும். கீல் இருக்கும் இடத்துக்கு அருகில் தாங்குமாறு வையுங்கள். மற்றபடி, மெல்லிய குழல் சூடேறியபின் குண்டு விலகுவது இயல்பு. வேட்டையில் கணக்கில் வருவது குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு மட்டுமே. ஆகவே ஐந்து குண்டுகளைத் தொடர்ந்து சுட்டு அளப்பதைவிட, குழல் முழுதும் ஆறிய பிறகு ஒவ்வொன்றாகச் சுட்டு, அவை எல்லாம் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: விசை மிகவும் கனமாக இருக்கிறது. அரம் கொண்டு நானே தேய்த்து இலகுவாக்கலாமா?

பதில்: கூடாது. விசையும், தோட்டாவை வெடிக்கச் செய்யும் அடியைக் கொடுக்கும் சுத்தியலும் கவ்விக்கொள்ளும் முகங்களில் கடினப்படுத்தப்பட்ட அடுக்கு மிக மெல்லியது. அரம் அதைத் தாண்டிவிட்டால், இன்று நன்றாக இருப்பது சில வாரங்களில் தானாக நழுவும். துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கும் நிலையும் வரலாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநரிடம் கொடுங்கள். வேட்டைக்கு 1.2 முதல் 1.5 கிலோ இழுவை போதுமானது; குளிரில் விரல் மரத்துப் போகும்போது அதைவிட இலகுவான விசை ஆபத்து. எடையை வெட்டச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: ஸ்கோப் பொருத்தியபின் சுத்தியலைப் பின்னிழுக்கக் கட்டைவிரலுக்கு இடமில்லை.

பதில்: சுத்தியலின் பக்கத்தில் பொருத்தும் நீட்டிப்புத் துண்டு கிடைக்கிறது, வாங்கிப் பொருத்துங்கள். அதன் திருகு சுடும் அதிர்ச்சியில் தளரக்கூடியது என்பதால் அவ்வப்போது சரிபாருங்கள். ஸ்கோப்பை உயரமான வளையங்களில் தூக்கி வைப்பது தீர்வாகாது. கன்னம் பின்கட்டையை விட்டு எழுந்துவிடும்.

கேள்வி: இவ்வகை ரைஃபிளுக்கு விளிம்புள்ள தோட்டாதான் ஏற்றது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. தோட்டாவின் அடியில் புடைத்த விளிம்பு இருந்தால், சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் வெளித்தள்ளிக்கு நல்ல பிடி கிடைக்கும், 7x65ஆர், .45-70 போன்ற விளிம்புள்ள தோட்டாக்கள் இதனால்தான் இன்றும் வழக்கில் உள்ளன. விளிம்பில்லாத .308-க்கு வில்லுடன் அசையும் சிறு கொக்கி தேவைப்படுகிறது. அழுக்குச் சேர்ந்தால் அது சறுக்கும். சுத்தமாக வைத்திருந்தால் சிக்கல் இல்லை. விளிம்புள்ள .30-30 தோட்டாவுக்கான ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் ஆதாயமும் உண்டு. அந்தத் தோட்டாவைச் சுடும் பல ரைஃபிள்களில் உள்ள குழாய் மேகசினில் (தோட்டாக்களைச் சேர்த்து வைக்கும் குழாய்) தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், முன்னதன் அடியில் இடித்து வெடிக்கச் செய்யக்கூடிய கூர்முனைக் குண்டு அங்கே ஆபத்தானது. ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் அந்தத் தடை இல்லை.

கேள்வி: ஒரே தோட்டாவை நம்பி வேட்டைக்குப் போவது பின்தங்கிய முறை அல்லவா?

பதில்: அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1885-இல் வின்செஸ்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் வடிவம் இன்றும் விரும்பி வாங்கப்படுகிறது, மேகசின் ரைஃபிள்கள் சந்தையை நிறைத்திருந்த 1960-களில்தான் ரூகர் நிறுவனம் தன் நம்பர் 1 ரைஃபிளை வெளியிட்டது. உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது: காயப்பட்ட விலங்குக்கு இரண்டாவது குண்டு உடனே வேண்டும். அதற்காகப் பின்கட்டையில் நான்கைந்து தோட்டாக்கள் செருகும் உறையை, கன்னம் படாத பக்கத்தில் மாட்டுங்கள். வெற்றுத் தோட்டாவைத் தள்ளிவிட்டு அடுத்ததை, கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமலேயே, போடுவதற்கு வீட்டில் போலித் தோட்டாக்களைக் கொண்டு பழகுங்கள். அது கைவரும்வரை, முதல் குண்டிலேயே முடியும் என்று உறுதியில்லாத தூரத்தில் விசையைத் தொடாதீர்கள்.