ரக்பி நடுவர் வார்ம் அப்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பன்னிரண்டு வருடமாக ரக்பி ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறேன். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் எப்படி உடம்பைத் தயார் செய்ய வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: அண்ணா, வீரர்கள் வார்ம் அப் செய்யும்போது நாமும் ஓரமாகக் கூட ஓடினால் போதாதா?

போதாது தம்பி. அவர்கள் மோதுவதற்கும் தள்ளுவதற்கும் பந்து பிடிப்பதற்கும் தயாராகிறார்கள், நம் வேலை அதுவா? நாம் பின்பக்கமாக ஓடுகிறோம், பக்கவாட்டில் நகர்கிறோம், ரக் (தரையில் கிடக்கும் பந்துக்காக வீரர்கள் தள்ளிக்கொள்ளும் குவியல்) பக்கத்தில் நாலு விநாடி அசையாமல் நின்றுவிட்டு பந்து வெளியே வந்ததும் பாய்கிறோம். 80 நிமிடத்தில் ஆறேழு கிலோமீட்டர் ஆகிவிடும், அதுவும் ஒரே சீராக அல்ல, நின்று நின்று. தசை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த நின்று பாயும் நேரத்தில்தான். 2023 உலகக் கோப்பையில் மார்செய் நகரில் நடந்த வேல்ஸ்–அர்ஜென்டினா காலிறுதி நினைவிருக்கிறதா? நடுவர் யாக்கோ பெய்ப்பர் முதல் பாதியிலேயே காலில் அடிபட்டு வெளியேற, உதவி நடுவர் கார்ல் டிக்சன் விசிலை வாங்கிக்கொண்டு ஆட்டத்தை நடத்தி முடித்தார். உலகத் தரத்தில் உடம்பைப் பேணுகிறவருக்கே அப்படி ஆகலாம் என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! இன்னொன்று, ஒரு அணியோடு சேர்ந்து ஓடுவது பார்க்கிற மற்ற அணிக்கு நன்றாக இருக்காது.

கேள்வி: டாஸ், பூட்ஸ் பார்ப்பது, முன்வரிசை வீரர்களிடம் பேசுவது என்று நேரம் எல்லாம் போய்விடுகிறது. வார்ம் அப்புக்கு எங்கே இடம்?

இதுதான் உண்மையான பிரச்சினை, இதைக் கேட்டதற்கு நன்றி. நிறைய பேர் நன்றாகவே வார்ம் அப் செய்கிறார்கள், ஆனால் அதை முடித்த பிறகு பூட்ஸின் அடிக்குமிழ்களை (ஸ்டட்) பார்க்கிறேன், ஸ்க்ரம் (இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்து எதிரெதிராகத் தள்ளுவது) பற்றிப் பேசுகிறேன் என்று இருபது நிமிடம் நின்றுகொண்டே இருப்பார்கள். சூடேறிய தசை அதற்குள் ஆறிவிடும், செய்ததெல்லாம் வீண். அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் மைதானத்துக்கு வந்துவிடுங்கள். மைதானத்தைச் சுற்றி நடந்து கோடுகள், கம்பங்களின் பாதுகாப்பு உறை, தரையில் பள்ளம் எல்லாம் பார்த்துவிடுங்கள். பேசுகிற வேலை, பார்க்கிற வேலை அத்தனையையும் ஆட்டத்துக்கு 40 நிமிடம் முன்பே முடித்துவிட வேண்டும், இரண்டு அணிப் பயிற்சியாளர்களிடமும் வந்ததுமே இந்த நேரத்தைச் சொல்லிவிட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். மீதி நேரம் உங்களுடையது. நான் 35 நிமிடம் இருக்கும்போது ஆரம்பித்து பத்து நிமிடம் இருக்கும்போது முடிப்பேன். ஜெர்சி மாற்ற, தண்ணீர் குடிக்க, விசிலும் அட்டைகளும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க அந்தப் பத்து நிமிடம்.

கேள்வி: அந்த 25 நிமிடத்தில் என்னதான் செய்வீர்கள்? விவரமாகச் சொல்லுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் மெதுவான ஓட்டம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், லேசாக வியர்த்தால் சரி. அப்புறம் மூட்டுகளுக்கு வேலை: காலை முன்னும் பின்னும் வீசுவது, எட்டி அடி வைத்து முழங்கால் மடக்கி இறங்குவது, இடுப்பைத் திருப்புவது, முழங்காலை உயர்த்தி நடப்பது, குதிகால் பின்புறம் தொட ஓடுவது. எல்லாமே அசைந்துகொண்டே.

அதற்கப்புறம்தான் நடுவருக்கே உரிய பகுதி, இதை விட்டுவிட்டால் நீங்கள் செய்தது வெறும் உடற்பயிற்சி. கிக் ஆஃப் எடுக்கும்போது எங்கே நிற்பீர்களோ அங்கே போய் நின்று, பந்து உயரப் போவதாக நினைத்து ஓடிப் பாருங்கள். பத்து மீட்டர் பின்பக்கமாக ஓடித் திரும்பி முன்னால் பாயுங்கள். லைன்அவுட் (ஓரக் கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ளே எறிவது) நடக்கும் இடத்திலிருந்து நடு மைதானம் வரை பக்கவாட்டில், கண் பந்து மேலேயே இருக்கிற மாதிரி. முதலில் பாதி வேகம், அப்புறம் முக்கால். கடைசியில் 20 அல்லது 30 மீட்டர் முழு வேக ஓட்டம் மூன்று நான்கு, நடுவில் நன்றாக மூச்சு வாங்க விட்டு. முழு வேகத்தை ஒருமுறைகூடத் தொடாமல் ஆட்டத்துக்குள் போகாதீர்கள். மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு விங்கர் (ஓரத்தில் ஆடும் வேகமான வீரர்) எதிரணியின் தடுப்பு வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினால், டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) விழும் இடத்தில் நீங்களும் இருந்தாக வேண்டும்.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி குனிந்து கால்விரலைத் தொட்டு அப்படியே இருப்பது?

ஆட்டத்துக்கு முன் வேண்டாம். ஒரு தசையை நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அதன் வேகமும் பலமும் குறையும். ஆட்டம் முடிந்த பிறகு நிதானமாகச் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது. ஆடுசதை அடிக்கடி பிடித்துக்கொள்கிறது.

சார், நம் வயதில் வார்ம் அப் மட்டும் காப்பாற்றாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், முழங்கால் நேராக ஒரு முறை, மடக்கி ஒரு முறை, ஏனென்றால் ஆடுசதையில் மேலும் கீழுமாக இரண்டு தசை இருக்கிறது, இரண்டுக்கும் வேலை வேண்டும். ஆட்ட நாளில் ஐந்து நிமிடம் முன்னதாகவே ஆரம்பியுங்கள். கூரிய வலி வந்தால் தயவுசெய்து விசிலை அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள், நானே ஒருமுறை பிடிவாதமாக ஓடி ஆறு வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி: குரலுக்கும் வார்ம் அப் வேண்டுமா?

கட்டாயம், பலர் மறப்பது இதைத்தான். ஸ்க்ரமுக்கு 'க்ரௌச், பைண்ட், செட்' (குனி, பிடித்துக்கொள், மோது) என்று சொல்லும்போது முன்வரிசை உங்கள் குரலின் தாளத்தில்தான் இறங்குகிறது. முதல் ஸ்க்ரமில் குரல் கம்மினால் தாளம் தவறும், பதினாறு பேர் எடையும் தவறான நேரத்தில் மோதும், அங்கே கழுத்துக்கு ஆபத்து. ஓடிக்கொண்டே இந்த வார்த்தைகளை உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்கும்போதும் அவை தெளிவாக வர வேண்டும். விசிலையும் யாரும் குழம்பாத தூரத்தில் நாலு தரம் ஊதிவிடுங்கள்.

கேள்வி: செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) ஒரே நாளில் நாலைந்து ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் இப்படியா?

முதல் ஆட்டத்துக்கு முழுதாக. பாதிக்கு 7 நிமிடம்தான், ஆனால் ஓட்டம் முழுக்க வேகம், அதனால் குறைக்க வழியில்லை. அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு எட்டு பத்து நிமிடம் போதும்: கொஞ்சம் ஓட்டம், மூட்டு அசைவு, இரண்டு பாய்ச்சல். நடுவில் காலை நீட்டி ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: உதவி நடுவராகக் கொடியோடு நிற்கப் போகிறவருக்கு?

அதே வார்ம் அப், முழுதாக. நடு ஆட்டத்தில் விசில் உங்கள் கைக்கு வரலாம்.

கேள்வி: இடைவேளையில்?

15 நிமிடம் வரை இடைவேளை போகலாம், அதற்குள் உடம்பு நன்றாகவே ஆறிவிடும். கடைசி மூன்று நிமிடம் எழுந்து நடந்து, மைதானத்துக்குள் வீரர்களுக்கு முன்னால் இறங்கி, பின்பக்க ஓட்டம் ஒன்று, பாய்ச்சல் இரண்டு. அப்புறம் கையைத் தூக்கி விசில் ஊதுங்கள்.