கல்வி வரி கட்டுகிறோம், பள்ளிக்கு என்ன வருகிறது? வாசகர் கேள்வி-பதில்

பள்ளிக்கூடப் பணம் பற்றி வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நகராட்சி சொத்து வரி ரசீதில் கல்வி வரி என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருப் பள்ளிக்கு அது வருமா?

பதில்: நேராக வராது. நகராட்சிக் கணக்கில் தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கு உண்டு, அதில்தான் அந்தப் பணம் சேரும். நகராட்சிப் பள்ளிகளின் கட்டடம், பராமரிப்பு போன்றவற்றுக்கு அதிலிருந்து எடுக்கலாம், ஆனால் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்பதை நகர்மன்றம்தான் முடிவு செய்யும். அதனால் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் "போன வருஷம் கல்வி நிதியில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது" என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அப்புறம், ரசீதில் நூலக வரி இருந்தால் அது வேறு, 1948 நூலகச் சட்டப்படி பொது நூலகங்களுக்குப் போவது, பள்ளிக்கு அல்ல.

கேள்வி: என் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: கட்டத்தான் வேண்டும். வரி என்பது நம் வீட்டுப் பிள்ளைக்கான கட்டணம் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் படிக்காமல் போனால் அந்த ஊரில்தானே நீங்களும் இருக்கப் போகிறீர்கள்.

கேள்வி: வருமான வரியோடு 4 சதவீதம் செஸ் பிடிக்கிறார்கள். பிறகு ஏன் மாநிலத்தில் பணம் இல்லை என்கிறார்கள்?

பதில்: நியாயமான கோபம். செஸ் என்றால் நாம் கட்டும் வரித் தொகையின் மேல் கல்விக்காகக் கூடுதலாகப் போடும் வரி. 2004இல் 2 சதவீதமாக ஆரம்பித்தது, 2007இல் இன்னொரு 1 சதவீதம் சேர்ந்தது, 2018இல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதமாக்கினார்கள். மத்திய அரசின் மற்ற வரிகளில் நிதிக்குழு சொல்கிற பங்கு மாநிலத்துக்கு வந்தாக வேண்டும், ஆனால் செஸ்ஸை அப்படிப் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை என்று அரசியலமைப்பின் 270ஆவது பிரிவே சொல்கிறது. திட்டங்கள் வழியாகத்தான் அது திரும்பி வரும், திட்டம் என்றாலே நிபந்தனையும் கூட வரும். பள்ளிக் கல்விக்கான மத்திய திட்டமான சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில், அதாவது தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில், தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, அந்தத் திட்டத்தில் 2024-25க்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். வட்டியோடு 2,291 கோடி கேட்டு 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் நம்மிடம் கல்வியின் பெயரால் வசூலித்த பணத்தைப் பிள்ளைகளுக்குத் தராமல் பிடித்து வைப்பது தவறு, இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. தண்ணீர் வடிகட்டி மாட்ட வீட்டுக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள், ரசீதும் இல்லை. கொடுக்கலாமா?

பதில்: ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம், பணம் தராத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பதோ புத்தகம் தராமல் இருப்பதோ சட்டப்படி செல்லாது. அதே சமயம் தலைமை ஆசிரியர் மீது உடனே பாயவும் வேண்டாம். 100க்கு மேல் 250 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருஷத்துக்கு 50,000 ரூபாய்தான். அதற்குள் சாக்பீஸ், துடைப்பம், பினாயில், கரண்ட் ரிப்பேர் எல்லாம் அடங்க வேண்டும். அந்தப் பணமும் தாமதமாக வரும்போது பல தலைமை ஆசிரியர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் சமாளிக்கிறார்கள். நீங்கள் போக வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது குழுவுக்குச் சட்டம் கொடுத்த வேலை. கேஷ் புக்கையும் பில்களையும் மேசையில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் வடிகட்டிக்குப் பணம் இல்லையென்றால், தீர்மானம் போட்டு விருப்பமுள்ளவர்களிடம் ரசீதோடு வாங்கலாம். மிரட்டி வசூலித்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வகுப்பறை கட்டித் தர நினைக்கிறோம். எப்படி?

பதில்: 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்கும் மாநில அரசுத் திட்டம் வழியாகக் கொடுக்கலாம். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் போட்டால் மீதியை அரசு போடும், கட்டடத்துக்கு இது நல்ல வழி. ஆனால் முதலில் பள்ளிக்குப் போய் என்ன தேவை என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் ஸ்மார்ட் போர்டு மாட்டிப் பெயர்ப்பலகை வைப்பதில் அர்த்தமில்லை. கட்டிய பிறகு மின்கட்டணமும் துப்புரவுப் பணியாளர் சம்பளமும் யார் பொறுப்பு என்பதையும் கிராம சபையில் பேசித் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.