அத்தைக்கு நீங்கள் வைத்த பெயர்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஃபீனிக்ஸில் வசிக்கிறேன். உளவியல் முதலாண்டு மாணவி. தமிழ்ப் பாடசாலையில் படித்த தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். சிந்தனைச் சாய்வுகள், அதாவது நம்மை அறியாமலே நம் சிந்தனை ஒருபக்கம் சாய்ந்து தவறும் விதங்கள், பற்றிய பாடத்தைப் படித்தபின் வீட்டில் யார் பேசினாலும் அது எந்தச் சாய்வு என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அப்பாவிடம் சொன்னால் கோபித்துக்கொள்கிறார். சென்ற வாரம் மனநோய்கள் பற்றிய பாடத்தை முடித்தேன். என் அத்தைக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. மாமா இறந்து எட்டு மாதம் ஆகிறது. மாலையில் அவர் கூப்பிடும் குரல் கேட்பதாக அத்தை சொல்கிறார். அறையைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. முன்பு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் அவருக்கு அருள் வரும். அதுவும் நோயின் தொடக்கம்தானா? இதை வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது? ‘பயஸ்’ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் தமிழில் பிழை அதிகம் இல்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. சில வாரங்களாக என் பெரியம்மாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கடுமையாகவும் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருள் வருவதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேடே, ஒரு சமூகம் பரவலாக ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வரும் தன்மறந்த நிலையை ஆளுமைப் பிளவு நோயாகக் கொள்ளக்கூடாது என்கிறது. ஆடி மாதத்தில் உடுக்கை ஒலிக்கு ஆடிவிட்டு, மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் பெண்ணை நோயாளி என்று சொல்ல எந்த மருத்துவரும் முன்வரமாட்டார். அதை விட்டுவிடுங்கள்.

சாய்வுகளைப் பற்றிய பாடத்தை அப்பாவின்மீது பிரயோகித்தீர்கள். மனநோய்ப் பாடத்தை அத்தையின்மீது பிரயோகித்தீர்கள். முதல் பாடத்தை உங்கள்மீது ஒருமுறையாவது பிரயோகித்தீர்களா? பிறரிடம் சாய்வை எளிதில் காண்பவர்கள் தங்களிடம் அது குறைவு என்றே நம்புகிறார்கள் என்பதை உளவியலாளர் எமிலி ப்ரோனினும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் எழுதிக் காட்டினார்கள். அதுவும் ஒரு சாய்வுதான். அண்மையில் படித்ததே முதலில் நினைவுக்கு வரும், நினைவுக்கு எளிதில் வருவதே உலகில் அதிகம் நடப்பதாகத் தோன்றும் என்பதை ட்வெர்ஸ்கியும் கானமனும் 1970களிலேயே சொல்லிவிட்டார்கள். சென்ற வாரம் நீங்கள் சிறுநீரகத்தைப் பற்றிப் படித்திருந்தால் அத்தைக்குச் சிறுநீரகக் கோளாறு வந்திருக்கும்.

பீட்டர் வேசன் 1960இல் செய்த சோதனை உங்கள் பாடநூலிலும் இருக்கும். 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவற்றின் பின்னால் இருக்கும் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பெரும்பாலோர் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் தங்கள் ஊகத்துக்கு ஒத்துப்போகும் எண்களையே சொல்லிப் பார்த்து, ‘இரண்டிரண்டாகக் கூடும்’ என்று முடிவுகட்டினார்கள். விதியோ ‘ஏறிக்கொண்டே போகும் எண்கள்’ என்பது மட்டுமே. ஊகத்தை உடைக்கக்கூடிய 1, 2, 3ஐச் சொல்லிப் பார்க்கும் எண்ணம் பலருக்கு வரவில்லை. நீங்கள் அத்தையிடம் கண்டதெல்லாம் 8, 10, 12 தான்.

நான் ஒரு 1, 2, 3 தருகிறேன். வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். சுமார் 13 சதவீதத்தினர் குரலையே கேட்டிருந்தார்கள். பலர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அத்தை உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் உடனே பாடநூலைத் திறந்துவிட்டீர்கள்.

இனி என் பெரியம்மா. நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சோம்ட்சூ சாலையை ஒட்டிய மேகசின் பேரக்ஸில் இருந்தோம். நகராட்சித் தொழிலாளர்களின் குடியிருப்பு அது. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, மழை பெய்தால் சேறு. ஒவ்வோர் இனத்தவரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற சட்டத்தின்படி எங்களை அங்கிருந்து கிளப்பிச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது எனக்கு ஒன்பது வயது. புது வீட்டின் சமையலறையிலேயே குழாய் இருந்தது. எல்லோரும் வசதி, வசதி என்றார்கள். பெரியம்மா சில மாதங்களில் பேச்சை நிறுத்தினார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பக்கத்து வீட்டார் காற்றுச் சேட்டை என்றார்கள். மருத்துவர் ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் அப்பா, அவர் சிறுவயதிலிருந்தே அழுத்தக்காரி என்றார். மூவரும் மூன்று பெயர் வைத்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பேரக்ஸில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்த பாட்டி ஒருவர் தேடிக்கொண்டு வந்தபோதுதான் பெரியம்மா வாய் திறந்தார். குழாயடியில் யார் குடம் முதலில் நிற்கும் என்பதைப் பற்றி இருவரும் மாலைவரை பேசினார்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்த அன்றே அவருக்குப் பேச ஆளில்லாமல் போயிருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒருவரின் நடத்தைக்குச் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தைக் காரணமாக்கும் இந்தப் பழக்கத்துக்கு லீ ராஸ் 1977இல் ஒரு பெயர் கொடுத்தார். உங்களுக்குத் தேர்வில் வரும்.

எங்களைக் கிளப்பிய அரசின் பிரதமர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட், அரசியலுக்கு வருமுன் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். உங்கள் பாடநூலில் இது இருக்குமா என்று பாருங்கள். 1966 செப்டம்பர் 6 அன்று நாடாளுமன்ற அவைக்குள்ளேயே அவரைக் கத்தியால் குத்திக் கொன்றவர், அங்கே ஏவலராக இருந்த டிமிட்ரி சாஃபென்டாஸ். அரசின் இனக் கொள்கையை வெறுத்ததாகக் காவல்துறையிடம் அவர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். நீதிமன்றத்திலோ, தம் வயிற்றில் ஒரு பெரிய நாடாப்புழு வாழ்வதாக அவர் நம்புகிறார் என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர் மனச்சிதைவு நோயாளி, விசாரிக்கத் தகுதியற்றவர் என்று முடிவாயிற்று. அத்துடன் ஊர் முழுவதும் புழுவைப் பற்றிப் பேசியது, கொள்கையைப் பற்றிய வாக்குமூலம் கோப்புக்குள் போயிற்று. அவருக்கு நோய் இருந்ததா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இருந்திருக்கலாம். நோயும் காரணமும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடாதா? நோயாளி என்று தீர்ப்பளித்தவர்கள் அவரை மருத்துவமனைக்கு அனுப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. 1994வரை அவர் சிறையில்தான் கிடந்தார். 1999இல் ஸ்டெர்க்ஃபொன்டைன் மனநல மருத்துவமனையில் இறந்தார். பெயர் அவருடைய சிகிச்சைக்காக வைக்கப்படவில்லை, அவர் பேச்சைக் கேளாமல் இருப்பதற்காக வைக்கப்பட்டது.

மனநோய் என்று ஒன்று இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் பேசுபவர்கள்மீது எனக்கு இதைவிடக் கோபம் உண்டு. மனச்சிதைவு உண்மையான, கொடிய நோய்; மருந்து தேவைப்படும் நோய். அதனால்தான் ஓர் அறிகுறியை மட்டும் வைத்து அதை முடிவுசெய்யக்கூடாது என்று கையேடு கட்டுப்படுத்துகிறது. ஐந்து வகை அறிகுறிகளில் குறைந்தது இரண்டு ஒரு மாத அளவுக்கு இருக்க வேண்டும், பாதிப்பு ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வேறு காரணங்களை விலக்கியிருக்க வேண்டும். இவற்றைச் சோதிப்பது பயிற்சி பெற்றவரின் வேலை, முதலாண்டு மாணவியின் வேலை அல்ல.

வீட்டாருக்குப் புரியவைக்கும் வேலையை இப்போதைக்கு நிறுத்துங்கள். மாலையில் அந்தக் குரல் வரும் நேரத்தில், ஒரு குவளைத் தேநீரோடு அத்தையின் அறைக்குப் போய் உட்காருங்கள். மாமா என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், அப்போது பயமாக இருக்கிறதா, ஆறுதலாக இருக்கிறதா, இரவில் எத்தனை மணிநேரம் தூங்குகிறார் என்று கேளுங்கள். அந்தக் குரல் தன்னுடன் வந்துவிடச் சொல்கிறது என்றாலோ, அவர் சாப்பாட்டை நிறுத்தினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அங்கேயும் நீங்கள் வைத்த பெயரைச் சொல்லாமல் அவர் சொன்னவற்றைச் சொல்லுங்கள்.

தமிழ்ச் சொல்லுக்குச் ‘சாய்வு’ போதும், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.