மாடிக்குப் போகும் ஒயர்

கேள்வி: தேன்கனிக்கோட்டையில் அப்பா கட்டிய வீடு. கீழே நாங்கள், மாடியில் தம்பி குடும்பம். மீட்டர் ஒன்றுதான், பில் கட்டுவது நான். போன ரீடிங் 780 யூனிட், 4,581 ரூபாய். மாடியில் விடியற்காலை 5 மணிக்குப் போடும் கீசர் 7 மணி வரை ஓடுகிறது. தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லை. அவனோ, என் பெயரில் 3 லட்சம் கடன் வாங்கி 5 கிலோவாட் சோலார் போட்டால் பில்லே வராது, சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறான். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எல்இடி பல்பு, ஸ்டார் போட்ட ஃபிரிட்ஜ் எல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் பணம் கரைவது மாடிக்கு ஏறும் அந்த ஒயரில்.

2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டும் 2.35 ரூபாயிலிருந்து 4.70க்குத் தாவிவிடும். உங்கள் கடைசி 180 யூனிட் தலா 9.45, அதற்கு மட்டுமே 1,701 ரூபாய். மாடிக்குத் தனி மீட்டர் இருந்து, நீங்கள் 400, தம்பி 380 என்று ஓடியிருந்தால் உங்களுக்கு 1,175, அவருக்கு 1,081. சேர்த்தாலும் 2,256தான். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 14,000 ரூபாய் வீணாகிறது!

தனி வாசல், தனிச் சமையல் என்றால் தம்பி தன் பெயரில் இணைப்புக் கேட்கட்டும். வீடு இருவருக்கும் பொது என்றால் நீங்கள் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். (ஒரே குடும்பம் இலவச 100 யூனிட்டுக்காக இரண்டு மீட்டர் வைப்பது வேறு கதை. அதை நான் சொல்லவில்லை.)

மீட்டரைப் பிரித்தால் பில் குறையும். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரிகிற நிலக்கரி குறையாது. ஆனால் பில்லைக் கண்ணால் பார்க்காதவர் சுவிட்சை அணைக்க மாட்டார். உங்கள் ஊர்க் குளிருக்குக் கீசர் வேண்டியதுதான், இரண்டு மணி நேரம் எதற்கு? அதில் தினம் ஒரு யூனிட் மிஞ்சினாலும் இரண்டு மாதத்தில் 60. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று போட்டால் 42 கிலோ.

இனி சோலார். 5 கிலோவாட் என்றால் நாளைக்குச் சுமார் 20 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,200. உங்கள் தேவை 400! மத்திய அரசு மானியமும் 3 கிலோவாட்டுக்கு 78,000. 5 போட்டாலும் அதே 78,000தான். மானியம் போக நிற்கும் 2.22 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றாலும் முதல் வருட வட்டியே 20,000 பக்கம். பிரித்த பிறகு உங்கள் வருட பில்லே 7,050தான். கூரை இருவருக்கும், கடன் உங்களுக்கு மட்டும் என்பது என்ன கணக்கோ.

ஒரு வருடம் தனி மீட்டரில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஆசை இருந்தால் 1 கிலோவாட், கையிலுள்ள காசில். தம்பியிடம் பேசக் கூச்சமாக இருந்தால் புது இணைப்புக்கான செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். சில மாதங்களில் திரும்பிவிடும். அடுத்த ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குள் மனுவைப் போடச் சொல்லுங்கள்.