‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனையை வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 8 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். திண்டிவனம் பக்கம் 1,200 சதுர அடி மனை, பக்கத்து லேஅவுட்டைவிடப் பாதி விலைக்கு வருகிறது. “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, பயப்படாதீங்க” என்கிறார் புரோக்கர். முதலீடாக வாங்கிப் போடலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: வேண்டாம். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இல்லாமல் பஞ்சாயத்து மட்டும் கொடுத்த காகிதத்தை வைத்து மனைப்பிரிவு போட முடியாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது, அப்புறம் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். அப்படியானால் எப்படிப் பதிவீர்கள் என்று கேளுங்கள், “விவசாய நிலமா சென்ட் கணக்குல எழுதிடலாம்” என்பார்கள். பத்திரம் கைக்கு வந்துவிடும், ஆனால் வங்கி கடன் தராது, வீடு கட்ட பிளான் அனுமதி கிடைக்காது, அவசரத்துக்கு விற்கப் போனால் விவரம் தெரிந்த யாரும் வாங்க மாட்டார்கள். பாதி விலைக்குக் கிடைப்பதன் காரணம் இதுதான்.

சைட்டுக்குப் போனால் நுழைவு வளைவு, மஞ்சள் அடித்த கல், செம்மண் ரோடு எல்லாம் பார்க்க நன்றாகவே இருக்கும், அதைப் பார்த்து அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். லேஅவுட் வரைபடத்தின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் அங்கீகார எண்ணும் முத்திரையும் இருக்கிறதா, சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு எண்ணும் வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் ரெரா சட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: 30 வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, பட்டாவும் விற்பவர் பெயரில்தான். இது போதாதா? (வாசகர், மதுரை)

பதில்: போதாது. பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும், பதியாத உயில் வராது, குடும்பத்துக்குள் வாய்மொழியாகப் பாகம் பிரித்ததும் வராது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அதை மட்டும் வைத்து உரிமை முழுதாக நிரூபணமாகிவிடாது. விற்பவருக்கு அது அப்பா வழியில் வந்த சொத்தா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் வாரிசுச் சான்று வாங்கிப் பாருங்கள், அம்மாவும் சகோதரிகளும் கையெழுத்துப் போட வேண்டும் அல்லது ஏற்கெனவே தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தது, 2005-இல் நாடு முழுவதும் வந்தது, ஆனாலும் “தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு” என்று சொல்லி விற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். உரிமையாளரிடம் அதிகாரம் எழுதி வாங்கிய பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

அப்புறம் எஃப்எம்பி, அதாவது நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடம். அதைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு நிலத்தில் இறங்கி அளந்தால்தான், வேலிக்குள் வாய்க்கால் புறம்போக்கு எதையாவது சேர்த்து வளைத்திருக்கிறார்களா என்பது தெரியும்.

கேள்வி: கடன் வாங்கி ஃபிளாட் வாங்கினால் வாடகையிலேயே இஎம்ஐ கட்டிவிடலாமா? (வாசகர், கோவை)

பதில்: முடியாது. கணக்குப் போடுங்கள். 60 லட்ச ரூபாய் ஃபிளாட், அதில் கடன் 45 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 39,000. வாடகை 16,000 வந்தாலும் மீதி 23,000 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும், மெயின்டெனன்ஸும் சொத்துவரியும் தனி. அதை மாதாமாதம் தாங்க முடியும் என்றால் வாங்குங்கள். யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு, எத்தனை சதுர அடி என்பதையும் பத்திரத்தில் பாருங்கள், கட்டடம் பழசாகும்போது மதிப்பைத் தாங்குவது அந்த மண்தான்.

கேள்வி: 14 லட்ச ரூபாய் மனையை 8 லட்சத்துக்குப் பதிந்து, மீதியை ரொக்கமாகத் தரச் சொல்கிறார்கள். எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள்? (வாசகி, சேலம்)

பதில்: எல்லோரும் செய்தாலும் அது சட்டவிரோதம். உங்களுக்கு நஷ்டமும்கூட. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதத்தில் இன்றைக்கு 54,000 ரூபாய் மிச்சமாகும். இரண்டு வருடம் கழித்து 20 லட்சத்துக்கு முறையாக விற்கிறீர்கள் என்று வையுங்கள், லாபம் 6 லட்சம் என்றில்லாமல் 12 லட்சம் என்றுதான் கணக்காகும். 12.5 சதவீத மூலதன ஆதாய வரியில் மட்டும் 75,000 கூடுதல். விற்பவர் நடுவில் பின்வாங்கினாலும் ரொக்கமாகக் கொடுத்த 6 லட்சத்துக்கு உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. 20,000 ரூபாயிலிருந்தே சொத்துக்கான பணத்தை ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுங்கள், காசோலை எண்ணையும் பரிமாற்ற எண்ணையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.