இட ஒதுக்கீட்டு வரலாறு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

இன்று மாலை வரை இருப்பேன். பழைய அரசாணை, தீர்ப்பு, அரசமைப்புத் திருத்தம் பற்றிக் கேளுங்கள். கட்-ஆஃப், கவுன்சலிங் எனக்குத் தெரியாது.

சேலம் வாசகர்: இட ஒதுக்கீட்டை அம்பேத்கர் பத்து வருடத்துக்குத்தானே கொடுத்தார்? ஏன் இன்னும் நீட்டுகிறார்கள்?

இது வரும் என்று தெரியும். அந்தப் பத்து ஆண்டு அரசமைப்பின் 334-ஆவது பிரிவில் இருக்கிறது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தனித் தொகுதிகளுக்கும் ஆங்கிலோ இந்தியர் நியமனத்துக்கும் வைத்த கெடு அது. தனித் தொகுதிகள் பத்துப் பத்து ஆண்டாக நீண்டு இப்போது 2030 வரை வந்திருக்கின்றன. ஆங்கிலோ இந்தியர் நியமனம் 2020 ஜனவரியோடு முடிந்தது. வேலைக்கான 16(4)-இல் கெடு கிடையாது. படிப்புக்கான 15(4)-இலும் கிடையாது; அது 1950-இல் பிறக்கவே இல்லை, 1951 ஜூனில்தான் வந்தது. வாட்ஸ்அப்பில் யாராவது "பத்து வருடம்" என்றால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

நெல்லை வாசகி: இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது வி.பி. சிங்தானே?

1990-இல் அவர் அறிவித்தது மத்திய அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம், அவ்வளவுதான். கோலாப்பூரில் சாகு மகாராஜா 1902-லேயே ஆணை போட்டுவிட்டார். சென்னை மாகாணத்தில் சாதி, மத வாரியாகப் பங்கு பிரிக்கும் வகுப்புவாரி ஆணை 1921-இல் வந்தது. ஏட்டோடு கிடந்ததை 1927-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார். 12 வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்குத் தலா 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. பிராமணருக்கும் பங்கு எழுதியிருந்தார்கள் என்பதை இரண்டு தரப்புமே வசதியாக மறந்துவிடுகிறது. ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்றே ஒன்று என்பதையும்தான்.

ஓசூர் வாசகர்: மகளுக்குச் சாதிச் சான்றிதழ் இழுத்தடிக்கிறார்கள்...

தாலுகா அலுவலகத்தைக் கேளுங்கள். என்னிடம் இருப்பது செத்துப்போன அரசாணைகள் மட்டும்.

தஞ்சை வாசகர்: அரசமைப்பின் முதல் திருத்தமே பெரியார் போராட்டத்தால் வந்ததுதான். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சொல்கிறார்கள், கொஞ்சம் கூட்டியே. மருத்துவக் கல்லூரி இடத்துக்காகச் செண்பகம் துரைராஜன் என்ற பெண் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1950-இல் கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி ஆணையை ரத்து செய்தது. ஆணையை எதிர்த்து வாதாடியவர்களில் ஒருவர், அரசமைப்பு வரைவுக் குழுவிலேயே இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் 1951 ஏப்ரலில் ஆணை அங்கேயும் நிற்கவில்லை. இங்கே தெருவெல்லாம் போராட்டம், 15(4) வந்தது. இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் அதே திருத்தத்தில்தான் ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பாதுகாப்பும் வந்தது. பாட்னா உயர் நீதிமன்றம் பீகாரின் நிலச் சட்டத்தை ரத்து செய்திருந்தது. பேச்சுரிமைக்குப் புதிய கட்டுப்பாடுகளும் அதில்தான் வந்தன.

தஞ்சை வாசகர்: பெரியாரின் பங்கைக் குறைக்கிறீர்கள்.

குறைக்கவில்லை ஐயா. சென்னையில் நடந்தவற்றை நேருவே நாடாளுமன்றத்தில் குறிப்பிட்டார். நான் மறுப்பது முழுத் திருத்தமும் அதனால் மட்டுமே வந்தது என்பதை. இன்னொன்று சொல்கிறேன், கோபம் தணியலாம்: பேச்சுரிமைப் பகுதிக்குக் காரணமான வழக்குகளில் ஒன்றும் சென்னை தொடங்கி வைத்ததே. 'கிராஸ்ரோட்ஸ்' என்ற இதழை இந்த மாகாணத்துக்குள் விடக்கூடாது என்று அரசு தடை போட்டது. 1950-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உடைத்தது. ஆக, அந்தத் திருத்தத்தில் நம் மாகாணத்தின் பெருமையும் இருக்கிறது, தலைகுனிவும் இருக்கிறது. முதலாவதை மட்டும் மேடையில் பேசினால், எதிராளி இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வருவான்.

கோவை வாசகர்: பத்து வருடம்தான் என்று அரசியல் சட்டத்திலேயே...

334. மேலே முதல் பதில்.

வேலூர் வாசகி: சாதிவாரிக் கணக்கெடுப்பு எதற்கு? மண்டல் கணக்கு இருக்கிறதே?

பிற்படுத்தப்பட்டோர் 52 சதவீதம் என்று மண்டல் ஆணையம் சொன்னது 1931 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட மதிப்பீடு. நாடு முழுக்க எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு பிரிட்டிஷ் காலத்ததுதான். ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் தாத்தா காலத்து எண்ணை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள்.

தஞ்சை வாசகர்: நேரு பேசியதை எங்கே படிப்பது?

1951 மே, ஜூன் மாத நாடாளுமன்ற விவாதங்கள். நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் கிடைக்கும். படித்துவிட்டு வாருங்கள், மீதிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

திருச்சி வாசகர்: சார், அந்தப் பத்து வருடக் கெடு...

கடையைச் சாத்துகிறேன்.