வெள்ள நிவாரணத்துக்குத் திரட்டிய பணம் என் வருமானமாகிவிடுமா?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மதுரையில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து நிதி திரட்டினோம். எல்லாப் பணமும் என் சேமிப்புக் கணக்குக்குத்தான் வந்தது, மொத்தம் 4,12,000 ரூபாய். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் அரிசி, போர்வை, பிஸ்கட் என்று 3,71,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தோம். மீதி கணக்கில் இருக்கிறது. இதற்கு நான் வரி கட்ட வேண்டுமா? கொடுத்தவர்கள் சிலர், நன்கொடைக்கு வருமானவரிக் கழிவு பெற உதவும் 80ஜி ரசீது கேட்கிறார்கள். முன்தேதியிட்டு அறக்கட்டளை பதிவு செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். சிங்கப்பூரிலிருந்தும் இருவர் பணம் அனுப்பியிருந்தார்கள்.

பதில்: கடைசியில் சொன்ன அந்த ‘ஒருவரை’ இனிமேல் வீட்டு வாசலில்கூட நிறுத்தாதீர்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நிதியாண்டில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து இனாமாக வந்த பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. உங்களைப் பயமுறுத்துவது இந்த விதியாகத்தான் இருக்கும். ஆனால் அது உங்களுக்கென்று தரப்பட்ட பணத்துக்கானது. இங்கே நீங்கள் வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் மட்டுமே. அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நிதி கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் செய்தி, வங்கிக் கணக்கு விவரம், கடை பில்கள், பொருளைப் பெற்றுக்கொண்ட ஊர்களில் ஊராட்சித் தலைவரோ பள்ளித் தலைமையாசிரியரோ தரும் ஒரு கடிதம், இவை ஒரே கோப்பில் இருக்கட்டும். அதிகாரி கேட்டால் எடுத்து வைத்து வாதாட முடியும். அந்தப் பணத்துக்கு வங்கி தந்த வட்டி உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கும். அதை உங்கள் வருமானத்தில் காட்டிவிடுங்கள்.

அதே வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டபோது, பக்கத்துப் புதுக்குடி மக்கள் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. உங்களிடம் கேட்கக்கூடும், ஏனென்றால் உங்கள் கையில் பிறர் பணம் இருந்தது. இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். பசித்தவர்களுக்கு நீங்கள் வாங்கிய பிஸ்கட்டுக்கும் அப்போது 18 சதவீத ஜிஎஸ்டி பிடித்தார்கள். தேசியப் பேரிடர் நிவாரண நிதிக்குத் தனிமனிதர்களும் பணம் தரலாம் என்று 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டமே சொல்கிறது. அதை எப்படி வாங்குவது என்ற நடைமுறைக்கு ஒப்புதல் கொடுக்க 2020 வரை ஆயிற்று. கொடுக்க வருகிறவனைப் பதினைந்து ஆண்டுகள் வாசலில் நிற்க வைத்த அமைப்பு இது. நீங்கள் உங்கள் கணக்கில் பணம் வாங்கியதில் என்ன வியப்பு?

அடுத்து 80ஜி. உங்களால் அந்த ரசீதைத் தர முடியாது. வருமானவரித் துறையின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கும் அரசு நிவாரண நிதிகளுக்கும்தான் அந்த உரிமை உண்டு. கேட்கிற நண்பர்களிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த ரசீதால் ஒரு ரூபாய்கூடப் பயன் இல்லை. அரிசியாகவும் போர்வையாகவும் கொடுத்ததற்கு எந்த முறையிலும் கழிவு கிடையாது.

இப்போது அந்த மனிதருக்கு வருகிறேன். முன்தேதியிட்ட பத்திரம் மோசடி. 80ஜி அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளை, நன்கொடை தந்தவரின் பான் எண்ணோடு ஆண்டுதோறும் துறைக்கு விவரம் அனுப்ப வேண்டும். பழைய தேதியில் அதை நுழைக்க வழியில்லை. இதே ஆட்கள் இன்னொரு வியாபாரமும் செய்வார்கள். ஒரு லட்சத்துக்குக் காசோலை வாங்கி, கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தந்து, முழுத் தொகைக்கும் ரசீது கொடுப்பார்கள். பிடிபட்டால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் உண்டு. அந்த நோட்டீஸ் ரசீது வாங்கியவரின் வீட்டுக்குத்தான் வரும். தரகர் அதற்குள் கைப்பேசி எண்ணை மாற்றியிருப்பார். முப்பது ஆண்டுகளாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பளக்காரர்கள்தான் திரும்பத் திரும்ப மாட்டுகிறார்கள்.

சிங்கப்பூர்ப் பணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட, அனுப்பியவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் முக்கியம். அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே வேலை செய்கிறவர் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பியது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அவர் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கலாம், இங்குள்ள தன் வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே அனுப்பியிருக்கலாம், அப்போதும் விதி மாறாது. அப்படிப் பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். உங்களிடம் இரண்டும் இல்லை. எனவே இருவரையும் இன்றே தொடர்புகொண்டு கேளுங்கள். இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றால், அதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒருவராவது அப்படி இல்லை என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை மீதிப் பணத்தைத் தொட வேண்டாம்.

அந்தச் சிக்கல் இல்லையென்றால், மீதி 41,000 ரூபாயை முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு வங்கி வழியாகவே அனுப்பிவிடுங்கள். ரசீது உங்கள் பெயரில் வரும். அதைக் காட்டி நீங்கள் வரிக்கழிவு கேட்கவே கூடாது. கேட்டால், அது உங்கள் சொந்தப் பணம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதன்பிறகு மொத்தம் 4,12,000 ரூபாயும் பிறர் பணம் என்று எந்த அதிகாரியிடம் சொல்வீர்கள்? அந்த ரசீதையும் வரவு செலவுக் கணக்கையும் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அனுப்பிய செய்தியின் நகல் ஒன்றையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.